பதினொரு நிமிடப் பெயர்கள்

சோதனைப் பிரிவின் இளங்கீரன் அந்தப் பிழையை மூன்றாவது முறையாகத் திறந்துவிட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை காலை, மெல்பர்னுக்குப் போகும் வெரிபீ ரயிலில் உட்கார இடம் கிடைத்த அபூர்வ சந்தோஷத்தில் ஹம்சா மடிக்கணினியைத் திறந்தபோது அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பிழை எண் 8812. தீவிரம்: அதிகம். விவரம்: முடிவுப் பட்டியலில் நிஷிவாகி கட்சுரோ என்ற பெயர் இல்லை. வீடியோ கேம் கம்பெனியில் சோதனை செய்கிறவர்களின் வேலையே இதுதான். கதாநாயகன் சுவருக்குள் புகுந்தால் எழுதுவார்கள், கதவு திறக்காவிட்டால் எழுதுவார்கள், எழுதியதை அந்தந்தப் பிரிவின் தலைக்கு அனுப்பிவைப்பார்கள். தலை அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்லி மூட வேண்டும். காரணங்களும் தயாராகவே ஒரு பட்டியலில் இருக்கும். புரோகிராமிங் பிரிவின் தலையான ஹம்சா முதல் இரண்டு முறையும் 'பிழை அல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்து மூடியிருந்தாள். இப்போது விரல் ஒரு கணம் தயங்கியது என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். தயங்கவில்லை. ரயில் லாவர்டனைத் தாண்டுவதற்குள் மூடிவிட்டு அடுத்த பிழைக்குப் போய்விட்டாள்.

ஹம்சாவின் பிரிவில் வேலை பார்த்த நிஷிவாகிக்கு வயது அறுபத்திரண்டு. ஒசாகாவில் இருபத்திரண்டு வயதில் கேம் எழுத உட்கார்ந்தவர். நாற்பது வருஷ வேலையில் அவர் பெயர் ஒரு திரையிலும் வந்ததில்லை. கேம் முடிந்ததும் சினிமா மாதிரியே வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறும். ஆனால் அவர் சேர்ந்த முதல் கம்பெனியில் நிஜப் பெயர் போடக் கூடாது. போட்டால் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று முதலாளிக்குப் பயம். ஆளுக்கொரு புனைபெயர், அதையும் முதலாளியே வைப்பார். முதல் நாள் மழையில் நனைந்து வந்ததால் இவருக்கு 'ஈரக் குடை' என்று வைத்தார். பதினொரு வருஷம், ஒன்பது கேம், ஒன்பதிலும் ஈரக் குடை. பிறகு மார்கரெட் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மெல்பர்னுக்கு வந்தார். இங்கே அவர் வேலை பார்த்த ஸ்டுடியோக்கள் அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவை. பட்டியலில் ஸ்டுடியோ பெயர் வரும், ஆள் பெயர் வராது. ஒரே ஒரு இடத்தில் வரும் என்றார்கள். கேம் வெளியாவதற்கு முன்னால் அந்த ஸ்டுடியோவே போய்விட்டது.

இதையெல்லாம் அவர் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். ஆஸ்திரேலிய விசாவுக்கு அனுபவச் சான்று கேட்டார்களாம். ஒசாகா கம்பெனியை மூடியாயிற்று. கேம்களை எடுத்துக் காட்டலாம், ஆனால் அதிகாரியிடம் போய் "ஈரக் குடை நான்தான் ஐயா" என்று எப்படிச் சொல்வது? கடைசியில் மனைவி பெயரால் கிடைத்த விசாவில்தான் விமானம் ஏறினார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஹம்சாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு ரெஃபரன்ஸ் லெட்டருக்காகச் சென்னையில் பழைய மேனேஜர் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றவள் அவள்.

அவரை ஒழித்துக்கட்டியது அவள்தான். வேண்டுமென்று செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் நிஷிவாகி கண் ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் லீவில் போனார். போன மூன்றாம் நாள் கதாநாயகன் குதித்தால் தரைக்கு வர மறுத்தான். அவன் நடப்பது, குதிப்பது, வழுக்குவது எல்லாமே நிஷிவாகியின் கைவேலை. அதற்கான புரோகிராமைத் திறந்து பார்த்தால் குறிப்புகள் முழுக்க ஜப்பானிய மொழியில் இருந்தன. மிச்ச நாளெல்லாம் ஆபீஸே கையைப் பிசைந்தது. அவர் திரும்பி வந்து இருபது நிமிஷத்தில் சரிசெய்தார். அன்றைக்கு மீட்டிங்கில் ஹம்சாதான் கையைத் தூக்கினாள். நிஷிவாகியிடமிருந்து கே.டி. எடுக்கலாம் என்றாள்.

கே.டி. என்பது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். சென்னை ஐ.டி.க்காரர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு வைதீகக் காரியம். ஒருவர் தலையில் இருப்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு, பதிவு செய்து, டாகுமென்ட் ஆக்கி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அது எதற்கு என்பதும் சென்னையில் எல்லாருக்கும் தெரியும். ஹம்சாவின் முதல் கம்பெனியில் நாகலட்சுமி மேடம் என்று ஒருவர் இருந்தார், பத்தொன்பது வருஷ சர்வீஸ். இரண்டு மாதம் சின்னப் பெண்களை உட்கார வைத்துக் கே.டி. கொடுத்தார். மூன்றாம் மாதம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். குழம்பு இறக்கியதும் கறிவேப்பிலைக்கு என்ன மரியாதையோ அதுதான். அப்போது ஹம்சா கழிப்பறைக்குப் போய் அழுதாள். இங்கே அப்படி நடக்காது, இது மெல்பர்ன், இவர்கள் வேறு மாதிரி என்று போன வருஷம் அவள் உண்மையாகவே நம்பினாள். நம்ப விரும்பினாள் என்று சொன்னால் இன்னும் சரி.

பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், கண்ணாடி அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான். நிஷிவாகி ஒவ்வொரு முறையும் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுவார். அவள் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் அவள் ஒரு விசித்திரமான எண்ணைக் காட்டினாள். கதாநாயகன் பாறை விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் பத்தில் ஒரு விநாடிக்குக் காலடியில் தரை இருப்பதாகவே கணக்கு வைத்திருந்தார். இது எதற்கு என்று கேட்டாள்.

"ஆட்கள் எப்போதும் தாமதமாகத்தான் பொத்தானை அமுக்குவார்கள்" என்றார். "அவர்கள் சரியாகத்தான் அமுக்கினோம் என்று நினைக்கிறார்கள். அதற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது."

அதை அவள் அப்படியே டாகுமென்டில் எழுதினாள். கடைசி நாளன்று நூற்று நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் சிவந்திருந்தது. "நாற்பது வருஷத்தில் யாரும் என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று தலை தாழ்த்தினார். பெரிய காரியம் செய்துவிட்டதாக ஹம்சாவுக்கும் நெஞ்சு நிறைந்தது. அன்று மாலையே திட்டப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'அறிவுப் பரிமாற்றம்: நூறு சதவீதம் முடிந்தது' என்று எழுதி அந்தக் கட்டத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தாள்.

மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து பணம் குறைந்தது. அறுபத்தோரு பேரில் பதினான்கு பேர் போக வேண்டும். ஸ்டுடியோ தலைவர் டேமியன் பிரிவுத் தலைகளைக் கூப்பிட்டுப் பட்டியலைத் திரையில் போட்டார். பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. அதில் 'விடுவிக்கலாம்' என்றிருந்தது. டேமியன் கெட்டவர் இல்லை, பிறந்தநாளுக்குக் கேக் வாங்குகிறவர். ஹம்சாவைப் பார்த்து, "உன் டாகுமென்ட் இல்லையென்றால் இவரை அனுப்புவதை யோசித்தே பார்த்திருக்க முடியாது. நல்ல வேலை ஹம்சா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். அடுத்தவருக்கு வைத்துவிட்டுப் பாராட்டு வாங்கியது அன்றுதான். அவள் வாய் தன் பாட்டுக்கு நன்றி சொன்னது.

நிஷிவாகி அட்டைப் பெட்டியோடு அவள் மேசைக்கு வந்தார். கோபம் இல்லை. எவ்வளவு கொடுப்பார்கள் என்றோ ஏன் நான் என்றோ கேட்கவில்லை. கேம் வெளியாக ஏழு வாரம் இருந்தது.

"பெயர் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் ஹம்சா. நம் ஊரில் இந்த வார்த்தையைச் சொல்லாத சித்தப்பாவும் கிடையாது, சொன்னபடி செய்த சித்தப்பாவும் அதிகம் கிடையாது. ஆனால் நிஷிவாகிக்கு நம் ஊர் தெரியாது. அவர் அதை ஒரு ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலை தாழ்த்தினார்.

அவள் செய்யாமல் இல்லை. புரோகிராமிங் பிரிவின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு அவளுடையது. அவர் பெயரை எழுதித்தான் அனுப்பினாள். அது திரும்பி வந்தது. வெளியாகும் நாளில் வேலையில் இருப்பவர்களின் பெயர் மட்டும்தான், எல்லாருக்கும் ஒரே விதி என்றார் டேமியன். ஒருவருக்குப் போட்டால் பதிமூன்று பேர் கேட்பார்கள், அமெரிக்காவில் வக்கீல்கள் இருக்கிறார்கள் என்றார். ஹம்சா இரண்டாம் முறை கேட்கலாமென்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்க அவள் போட்ட பி.ஆர். விண்ணப்பத்துக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய நாமினேஷன் படிவம் மேசையில் இருக்கிறதாம், கேம் வெளியாவதற்குள் படித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். அவர் மிரட்டவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டது ஹம்சாதான், அது அவளுக்கே தெரியும். மேசைக்குத் திரும்பிப் போய் அந்த ஒரு வரியை அழித்தாள்.

"நாலு வருஷம் பல்லக் கடிச்சுட்டு ஓட்டியாச்சு, இன்னும் ஒரு கையெழுத்து" என்றான் அவள் கணவன் ராகவேந்திரா. எம்.டெக். படித்துவிட்டு ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டிருப்பவன். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் என்பதால் அவனுக்கும் ஒன்பது வயது மகள் ஸ்ருதிக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து. தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னான்: "அவர் பேரு வந்தா என்ன, வராட்டி என்ன? சோறா போடப்போகுது?" கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஆனா வரலன்னு சொல்லிடு ஹம்ஸ். அத மறைக்காத. அது பாவம்" என்றான்.

சொல்லத்தான் நினைத்தாள். நாலு முறை மெயில் எழுதினாள். முதல் வரி நன்றாக வரும், இரண்டாவது வரியில் விதி என்ற சொல் வரும், அதைப் படித்தால் அவளுக்கே கூசும், அழித்துவிடுவாள். ஏழு வாரம் அப்படியே ஓடியது.

மூன்றாவது முறை பிழையை மூடிய அன்று மதியம் இளங்கீரன் பேன்ட்ரிக்குள் வந்து மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றான். கிளிநொச்சிக்காரன், முப்பது வயது, பதினாறு வயதில் படகில் வந்தவன்.

"அக்கா, நீங்கள் மூடுங்கோ. நான் திறப்பன்."

"இளங்கீரன், அது பாலிசி. உனக்கே தெரியும்."

"ஓம், பாலிசிதான். நாங்கள் அகதிக் கேம்பில இருக்கேக்க எங்களுக்கும் பேர் இல்ல, நம்பர்தான். சாப்பாட்டுக்கும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவினம். கேட்டால் பாலிசி எண்டவை." அவன் குரலை உயர்த்தவில்லை. "என்னட்ட இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு, உங்களிட்ட இல்ல. அது எனக்கு விளங்குதக்கா. நான் உங்களப் பிழை சொல்லேல்ல. ஆனா அந்த மனுசன் நேற்றும் எனக்கு மெசேஜ் போட்டவர், பட்டியல் எத்தின நிமிசம் ஓடும் எண்டு கேட்டு. பதினொரு நிமிசம் எண்டு சொன்னன். வேற என்னத்தச் சொல்ல? நீங்கள் சொல்லுறியளோ, நான் போய்ச் சொல்லட்டோ?"

"வேண்டாம்" என்றாள். "நானே சொல்றேன்."

"சரி. இனித் திறக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் திறந்துகொண்டே இருந்தால் தேவலை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

கேம் வியாழக்கிழமை வெளியானது. அதற்கு முந்தின நாள் டேமியன் நாமினேஷனில் கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த வாரம் புதன்கிழமை நிஷிவாகியிடமிருந்து மெயில் வந்தது. கேமை வாங்கிவிட்டேன், மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறேன், குதிப்பதெல்லாம் நன்றாக இருக்கிறது, கடைசிக் கட்டத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன், முடிவை உங்களோடு சேர்ந்து பார்க்க ஆசை, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வர முடியுமா என்று எழுதியிருந்தார்.

வெரிபீயிலிருந்து அவர் வீடு இருக்கும் ரோவிலுக்குப் போக ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வழியெல்லாம் ஹம்சா உரக்கப் பேசிப் பழகிக்கொண்டே போனாள். நிஷிவாகி சான், உட்காருவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நிஷிவாகி சான், நான் முயற்சி செய்தேன். இல்லை, முயற்சி என்று சொல்லக் கூடாது. உங்கள் பெயர் வரவில்லை, அதை அழித்தது நான். இதுதான் சரி. மோனாஷ் நெடுஞ்சாலையில் அதை முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். வாய்க்குப் பழகிவிட்டது. அவர் வீட்டுத் தெருவில் காரை நிறுத்தியபோது தன்னால் முடியும் என்றே நம்பினாள்.

கதவைத் திறந்தவர் கோட்டு போட்டிருந்தார். ஆபீஸில் ஒரு நாள்கூட அவரைக் கோட்டில் பார்த்ததில்லை. சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலி. கேம் கடைசிப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு முக்காலித் தாங்கியில் அவருடைய கைபேசி டிவியைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்தது.

"படம் எடுப்பதற்கு" என்றார் நிஷிவாகி, கொஞ்சம் வெட்கத்தோடு. "பெயர் மூன்று விநாடிதான் திரையில் இருக்கும். கை நடுங்கினால் போய்விடும். நேற்று வேறு கேமின் பட்டியலில் பயிற்சி எடுத்தேன். பதினைந்தில் பதினான்கு தெளிவாக வந்தது."

"நிஷிவாகி சான், ஒன்று சொல்ல வேண்டும்."

"சொல்லுங்கள்" என்று அவளைப் பார்த்துத் திரும்பினார். போன வருஷம் ஆபரேஷன் செய்த கண் லேசாகக் கலங்கியிருந்தது. காத்திருந்தார். எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாரான, கண்ணாடி அறையில் அவள் பன்னிரண்டு வாரம் பார்த்த அதே முகம்.

"பசிக்கிறது" என்றாள் ஹம்சா.

அவருக்கு ஏக சந்தோஷம். உள்ளேயிருந்து சோற்று உருண்டைகளை எடுத்து வந்தார். அவள் சைவம் என்பதால் மீன் வாசனைகூடப் படாமல் தனிப் பாத்திரத்தில் செய்ததாகச் சொன்னார். ஹம்சா இரண்டு உருண்டை சாப்பிட்டாள். பசியே இல்லாமல் மூன்றாவதையும் எடுத்தாள். டீ கேட்டாள். மார்கரெட்டின் புகைப்படத்தைப் பற்றி விசாரித்தாள். இறந்து நாலு வருஷம் ஆகிறது, கேம் பிடிக்காது, ஆனால் ஒன்பது கேமையும் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தாள் என்றார். ஹம்சா எழுந்து போய் அலமாரியைப் பார்த்தாள். தோட்டத்தைப் பார்த்தாள். வீட்டில் பார்ப்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இப்போது சொல்லிவிடுவேன் என்று திரும்பினாள். அவள் ஒரு கோழை, வேறு வார்த்தை எதற்கு? அதை அவளே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டதால் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார்.

கடைசிப் பாறையிலிருந்து கதாநாயகனை அவரே குதிக்க வைத்தார். மூன்று நிமிஷத்தில் கேம் முடிந்தது. திரை கறுத்தது, இசை எழுந்தது. நிஷிவாகி கட்டுப்பாட்டுக் கருவியைத் தரையில் வைத்துவிட்டுக் கோட்டின் பட்டனைச் சரிசெய்துகொண்டார். முதலில் டேமியன் பெயர் ஏறியது. பிறகு கதை எழுதியவர்கள், ஓவியர்கள். ஓவியர்கள் நிறைய இருந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் அவர் உதட்டை அசைத்துப் படித்தார், தெரிந்தவர் பெயர் வந்தால் தலையாட்டினார். பட்டியலிலும் இல்லாத, வேலையிலும் இல்லாத இன்னும் பதிமூன்று பேரை அவர் தேடினாரா என்று தெரியவில்லை. ஹம்சா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது சொன்னால்கூடப் போதும், டிவியை நிறுத்தினால்கூடப் போதும், கருவி அவள் காலடியில்தான் கிடந்தது.

'புரோகிராமிங்' என்ற தலைப்பு கீழிருந்து வந்தது. அதன் கீழே தனியாக, எல்லாரையும்விடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் முதல் பெயர் ஏறியது. ஹம்சா ராகவேந்திரா.

நிஷிவாகி கைதட்டினார். நாற்காலியில் முழுக்கத் திரும்பி, அவளைப் பார்த்து, அந்தச் சின்ன அறையில் தனி ஆளாகப் பலமாகக் கைதட்டினார். "வாழ்த்துகள் ஹம்சா சான்" என்றார். பிறகு அவசரமாக முன்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கைபேசியின் பொத்தானுக்கு மேலே விரலைத் தொடாமல் பிடித்துக்கொண்டார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. விரல் நடுங்கவே இல்லை.